கழற்றிய கவசத்தை மீண்டும் பூண்ட மீன்

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டார்வினுடைய பரிணாமக் கொள்கையைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், ஒரு பிராணி இப்படி மாறுவதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டான்.

"அது எப்படியப்பா முடியும்? லட்சக்கணக்கான வருஷங்களில் நடக்கும் காரியம் அது. மலை தேய்வதை ஒருவன் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்றேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். பையன் உட்கார்ந்துவிட்டான். மலை தேயும் உவமானம் எனக்கே மிகவும் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி அதிக நாள் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தை அடுத்துள்ள ஓர் ஏரியில் வாழும் மீனைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று என் பார்வைக்கு வந்தது. படித்து முடித்ததும், பையன் கேட்ட கேள்வி நியாயமானது, நான் சொன்ன பதில்தான் பிசகு என்று தெரிந்துகொண்டேன். மறு வாரமே வகுப்பில் அதை ஒப்புக்கொண்டும் விட்டேன். என் ஆறுதலுக்கு ஒன்று சொல்லிக்கொள்ளலாம். 1859-ஆம் வருஷத்தில் தம் பெரிய நூலை வெளியிட்ட டார்வினும் ஏறக்குறைய என் பதிலைத்தான் சொல்லியிருப்பார். இயற்கையில் மாறுதல் மிக மெல்ல நடைபெறுவதால், அது நடந்துகொண்டிருக்கும்போது நம் கண்ணுக்குப் புலனாவதில்லை என்பதே அவருடைய கருத்து. பள்ளியில் அதே பாடத்தைப் படித்து, அதே பதிலை மனத்தில் வைத்திருக்கும் பெற்றோர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு நாள் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த மீனுக்கு ஆங்கிலத்தில் ஸ்டிக்கிள்பாக் என்று பெயர். முதுகின்மேல் வரிசையாக மூன்று முட்கள் நிற்பதால் நாம் அதை மும்முள் மீன் என்று அழைக்கலாம். நம் தேசத்தில் இது கிடையாது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களின் குளிர்ந்த கடல்களிலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது. நீளம் இரண்டு மூன்று அங்குலந்தான். ஆள்காட்டி விரல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு வைப்பதற்கு லாயக்கில்லாத மீன். ஆனால் விஞ்ஞானிகளுக்கு இதனிடம் உள்ள மோகத்தைச் சொல்லி முடியாது.

அதற்குக் காரணமும் உண்டு. இந்த மீனில் குடும்ப பாரம் முழுவதையும் சுமப்பது ஆண்தான். இனப்பெருக்கக் காலத்தில் அதன் கழுத்தும் மார்பும் செக்கச் செவேலென்று சிவந்துவிடும். தன் உடம்பிலிருந்து சுரக்கும் ஒருவிதப் பசையினால் பாசித் துணுக்குகளை ஒட்டி ஒரு கூடு கட்டும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். முட்டைகளுக்குக் காவல் இருப்பதும், செட்டைகளால் விசிறி அவற்றுக்கு நல்ல நீர் பாய்ச்சுவதும், பொரிந்த குஞ்சுகளைப் பாதுகாப்பதும் தந்தையின் வேலை. நிகோ டின்பெர்கன் என்ற டச்சு விஞ்ஞானி இம்மீன்களை லெய்டன் நகரத்தில் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து வந்தார். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு வர்ணம் பூசிய தபால் வண்டி போகும்போதெல்லாம், ஆண் மீன்கள் அதைப் போட்டி ஆணென்று எண்ணித் தொட்டியின் அந்தப் பக்கமாகப் பாய்ந்து சண்டைக்கு நின்றனவாம்! டின்பெர்கனுக்கு 1973-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தப் பெருமையில் இச்சிறு மீனுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் கதைக்கு வேண்டியது அதன் காதலும் சண்டையும் அல்ல, அதன் உடுப்பு. கடலில் வாழும் மும்முள் மீனின் இரண்டு விலாக்களிலும், தலையிலிருந்து வால் வரையில், எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். பக்கத்துக்கு 30-க்கு மேல் இருக்கும். யுத்தத்துக்குப் புறப்படும் வீரன் கவசம் பூண்டதுபோல் காணப்படும். ஆனால் ஏரியில் வாழும் அதே இனத்து மீனைப் பிடித்துப் பார்த்தால், முன்பக்கத்தில் சில தகடுகள் மாத்திரம் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் தோல்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? சுமார் 12,000 வருஷங்களுக்கு முன் வட பிரதேசங்களை மூடியிருந்த மாபெரும் பனிப் பாளங்கள் உருகின. அவை விலகிய இடங்களில் புதிய ஏரிகளும் ஆறுகளும் தோன்றின. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆறுகளில் ஏறிவந்த மும்முள் மீன்களில் சில, அந்த ஏரிகளிலேயே தங்கிவிட்டன. தங்கிய இடங்களில் பெரும்பாலும் கவசத்தைக் கழற்றிவிட்டன. ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் சம்பந்தமில்லை. இருந்தும் அலாஸ்காவிலும் கானடாவிலும் ஐரோப்பாவிலும் ஏரிக்கு ஏரி இதே காரியம் தனித்தனியே நடந்திருக்கிறது. திறந்த கடலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. துரத்துகிறவன் வாயில் அகப்பட்டால் கவசந்தான் காக்க வேண்டும். ஏரியிலோ பாசியும் கோரையும் கல்லும் உண்டு. சட்டென்று பாய்ந்து மறைந்துகொள்பவன் பிழைத்துக்கொள்வான். அங்கே எலும்புக் கவசம் வீண் சுமை. அதை வளர்ப்பதற்குச் சத்து வேண்டும். கவசம் குறைந்த குஞ்சுகள் நல்ல நீரில் சீக்கிரம் வளர்ந்துவிடுகின்றன என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் பழைய கதை. மலை தேயும் கதைதான். இனி ஸியாட்டிலுக்குப் போவோம்.

ஸியாட்டில் நகரத்தின் கிழக்கே வாஷிங்டன் ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. சுமார் 22 மைல் நீளமும், ஆழமான இடத்தில் 200 அடிக்கு மேற்பட்ட ஆழமும் உள்ளது. இரண்டாவது உலக யுத்தத்தின்போதும் அதற்குப் பின்னும் அந்த ஏரியைச் சுற்றிப் புதிய ஊர்கள் காளான் முளைத்தாற்போல் எழுந்தன. ஊர் எழுந்தால் சாக்கடையும் எழத்தானே வேண்டும்? அவர்கள் அதை அப்படியே ஏரியில் விட்டுவிடவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களை வைத்து, அழுக்கைப் பிரித்து, தெளிந்த நீரையே விட்டார்கள். ஆனால் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய அந்த நீரில் பாஸ்பரஸ் கரைந்திருந்தது. மனிதக் கழிவில் மட்டுமல்ல, வீடுகளில் துணி வெளுக்கும் சோப்புத் தூளிலும் பாஸ்பரஸ் உண்டு. நெல்லுக்கு உரம் எப்படியோ, பாசிக்குப் பாஸ்பரஸ் அப்படி. 1960-களின் தொடக்கத்தில் நாள் ஒன்றுக்கு சுமார் 2 கோடி காலன் கழிவு நீர் ஏரியில் கலந்துகொண்டிருந்தது.

1955-இல், வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்மண்ட்ஸன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணாக்கர்களும் ஏரி நீரில் ஆஸில்லடோரியா என்னும் ஒருவகை நுண்பாசியைக் கண்டார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிக் ஏரி கெட்டுப்போனபோது அங்கே தோன்றியதும் அதே பாசிதான். அதனால் எட்மண்ட்ஸனுக்கு வரப்போவது என்னவென்று விளங்கிவிட்டது. கோடைதோறும் பாசி பெருகிற்று. செத்து அழுகி நாறிற்று. பத்திரிகைக்காரர்கள் அதை நாற்ற ஏரி என்று பரிகாசம் செய்தார்கள்.

ஏரி எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு சுலபமான கருவி உண்டு. சாப்பாட்டுத் தட்டைப் போன்ற ஒரு வெள்ளை வட்டத்தைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்க வேண்டும். எவ்வளவு ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ, அதுவே தெளிவின் அளவு. ஆஞ்ஜலோ ஸெக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-இல் போப்பாண்டவருடைய கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் சோதித்துக் காட்டிய முறை இது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இதைவிட மலிவான கருவியை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வாஷிங்டன் ஏரியில் 1964-இல் அந்தத் தட்டு சுமார் 30 அங்குலத்திலேயே மறைந்துவிட்டது. இடுப்பளவு நீரில் நிற்பவனுக்குத் தன் பாதம் தெரியாது என்று அர்த்தம்.

பாஸ்பரஸ் வருவதை நிறுத்தினால் ஏரி தானாகவே தெளிந்துவிடும் என்று எட்மண்ட்ஸன் கணித்துச் சொன்னார். ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வக்கீலும் அவருடைய நண்பர்களும் அதை ஜனங்களிடம் எடுத்துச் சென்றார்கள். ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் பொதுவாக ஒரு நிர்வாகம் அமைத்து, ஒரே கழிவு நீர்த் திட்டம் போட வேண்டும் என்பது அவர்கள் யோசனை. 1958 மார்ச்சு மாதத்தில் வோட்டு எடுத்தார்கள், யோசனை தோற்றது. செலவைக் கேட்டதும் புறநகர்வாசிகள் பின்வாங்கிவிட்டார்கள். இது எந்த ஊரிலும் நடப்பதுதான். எல்லிஸ் கோஷ்டியார் சோர்ந்துவிடவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் மறுபடியும் வோட்டு எடுத்து ஜெயித்தார்கள். 1963-இல் தொடங்கி 1968-க்குள் கழிவு நீர் ஏரியிலிருந்து திருப்பப்பட்டது. எங்கே திருப்பினார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். கடலைச் சேரும்படிதான் திருப்பினார்கள். அங்கே நீரும் அதிகம், அலை ஏற்ற இறக்கமும் அதிகம் என்பது அவர்கள் நியாயம்.

எட்மண்ட்ஸன் சொன்னது பலித்தது. 1968-இல் வெள்ளைத் தட்டு சுமார் 10 அடி ஆழம் வரையில் தெரிந்தது. 1976-இல் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு ஏரியில் பெருகி, எஞ்சிய பாசியையும் மேய்ந்துவிட்டது. பிற்காலத்தில் 25 அடி வரையில் தட்டுத் தெரிந்தது. கெட்டுப்போன ஏரி மீண்டும் நல்ல ஏரியாகலாம் என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் உதாரணமாக வாஷிங்டன் ஏரி ஆகிவிட்டது.

ஏரி தெளிந்ததைக் கண்டு ஸியாட்டில்வாசிகள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் மும்முள் மீனுக்கு அது சந்தோஷச் செய்தியா? அதைப் பற்றி அப்போது ஒருவரும் நினைக்கவில்லை. நல்ல வேளையாக, வாஷிங்டன் ஏரியில் பல வருஷங்களில் பிடித்த மீன்களை, பிடித்த தேதியோடு சீசாக்களில் போட்டுச் சர்வகலாசாலையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். எதற்கு உதவும் என்று தெரியாமலே சேர்த்து வைக்கிற இந்தக் குணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டில் பழைய காகிதங்களைச் சேர்த்து வைப்பதற்காக எனக்கு வசவு கிடைக்கும்போதெல்லாம் அந்தச் சீசாக்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஸியாட்டிலில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காதரின் பீஷெல் என்ற அம்மையாரும், ஜுன் கிடானோ என்ற ஜப்பானிய விஞ்ஞானியும், அவர்களுடைய தோழர்களும் அந்தச் சீசா மீன்களையும், 2005-இல் ஏரியில் புதிதாகப் பிடித்த மீன்களையும் வைத்துக்கொண்டு தகடுகளை எண்ணினார்கள். ஏரி கலங்கியிருந்த காலத்து மீன்களில் தலை முதல் வால் வரை முழுக் கவசம் பூண்டவை 100-க்கு 6 தான். 2005-இல் முழுக் கவசம் பூண்டவை 100-க்கு 49. அரைகுறைக் கவசம் உள்ளவை மேலும் 35. அதாவது, பிறந்த மேனியாகத் திரிந்த கூட்டம் சுமார் 40 வருஷங்களுக்குள் மறுபடியும் போர்க் கோலம் பூண்டுவிட்டது! 2008-இல் இந்த முடிவுகள் வெளியாயின. ஏரிக்கு வந்த மீன் கவசத்தைக் கழற்றுவது தெரிந்த விஷயம். கழற்றியதை மீண்டும் அணிந்துகொள்வதுதான் அதிசயம்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்தவுடனே அதே பையன் எழுந்தான். "தண்ணீர் தெளிந்துவிட்டது என்று மீனுக்கு எப்படி ஸார் தெரியும்?" என்றான்.

இதுவும் நல்ல கேள்விதான். மீனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது வேறொருவருக்கு. வாஷிங்டன் ஏரியில் கட்த்ரோட் டிரௌட் என்னும் பெரிய மீன் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அந்த டிரௌட்டின் நெருங்கிய உறவு. கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற ஜாதி. 30 அங்குலத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத கலங்கல் நீரில் மும்முள் மீன் எங்கும் உலாவலாம். பாசியே அதற்குத் திரை. நீர் தெளிந்தது, திரை விலகிற்று, டிரௌட்டின் கண்ணுக்கு விருந்து கிடைத்தது. துரத்திக் கவ்வியவுடன் டிரௌட் விழுங்கிவிடுவதில்லை. வாயில் வைத்துப் புரட்டும். அப்போது தகடு உள்ள மீனின் உடம்பில் பல் ஆழமாக இறங்குவதில்லை. முட்களையும் விறைத்துக்கொண்டு திமிறினால் தப்பிவிடக்கூடும். தகடு இல்லாதது காயப்பட்டுச் சாகும். கவசம் உள்ளவை அதிகம் பிழைத்தன. பிழைத்தவை குஞ்சு பொரித்தன. குஞ்சுகளும் பெற்றோரைப்போல் கவசத்தோடு பிறந்தன. மும்முள் மீனுக்கு ஒரு தலைமுறை என்பது ஒன்றிரண்டு வருஷந்தான். ஆகவே மனிதனுக்கு ஒரு தலைமுறை கழிவதற்குள் அதற்கு இருபது தலைமுறைகள் கழிந்துவிடுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம் இதுவே. நீர் தெளிந்ததும் கவசம் பெருகியதும் ஒன்றையொன்று தொடர்ந்து நடந்திருப்பது இதற்குப் பெரிய சாட்சி.

ஆனால் கவசம் எங்கிருந்து வந்தது? 40 வருஷங்களில் புதிதாக ஓர் உறுப்பு உண்டாகிவிடுமா? இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் கிங்ஸ்லி கோஷ்டியார் இந்தத் தகடுகளைப் பெரும்பாலும் ஆட்டிவைக்கும் ஜீன், அதாவது பரம்பரைக் கூறு, எது என்று கண்டுபிடித்தார்கள். எடா என்பது அதன் சுருக்கப் பெயர். அதற்கு இரண்டு வகைகள் உண்டு. ஒன்று முழுக் கவசம் தருவது. மற்றொன்று கவசத்தைக் குறைப்பது. கடல் மீன்களில் பெரும்பாலும் முதல் வகைதான். ஆனால் மிகச் சில கடல் மீன்களின் உடம்பில், வெளியே தெரியாமல், இரண்டாவது வகையும் மறைந்திருக்கிறது. ஏரிகளில் தலைகீழாக இருக்கும். கவசம் குறைக்கும் வகை 20 லட்சம் வருஷங்களுக்கும் முற்பட்டது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரிய குடும்பங்களில் பாட்டன் காலத்து அண்டாவும் தவலையும் பரணில் கிடக்கும். பத்து வருஷம் ஒருவரும் தொடமாட்டார்கள். திடீரென்று வீட்டில் கல்யாணம் வந்தால், ஏணி வைத்து இறக்கித் துலக்கினால் போதும்; அன்றைக்குக் கன்னானிடம் போய் நிற்க வேண்டியதில்லை. மும்முள் மீனின் காரியமும் அப்படித்தான். வாஷிங்டன் ஏரியின் மீன் கூட்டத்தில் 100-க்கு 6 மீன்களிடமாவது முழுக் கவசம் மிஞ்சியிருந்தது. காலம் மாறியபோது அந்த ஆறு பெருகி ஐம்பதை நெருங்கியது. மாறியது 40 வருஷத்தில்; மாறுவதற்கு வேண்டிய சரக்கு சேர்ந்தது லட்சக்கணக்கான வருஷங்களில். ஆகவே நான் வகுப்பில் சொன்ன மலை உவமானம் முழுப் பொய்யும் அல்ல, பாதி மெய்.

எடாவைப் பற்றி ஒரு சிறு கிளைக் கதை. அது நம் பக்கத்து விஷயமாதலால் சொல்லாமல் விட மனமில்லை. இதே ஜீன் மனிதர்களிடமும் இருக்கிறது. அது பழுதுபட்டால் பற்கள் சரியாக முளைப்பதில்லை, மயிர் அடர்த்தியாக வளர்வதில்லை, வேர்வையும் சுரப்பதில்லை. மீனின் தகடும், மனிதனின் பல்லும் மயிரும் வேர்வைச் சுரப்பியும் உருவாவதில் ஒரே ஜீனுக்குக் கை இருக்கிறது. ஸிந்து மாகாணத்தில் ஒரு ஹிந்துக் குடும்பத்தில், நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே இருந்தன, உடம்பில் மயிர் மிகக் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு மிகவும் துன்பப்பட்டார்கள், பெண்களுக்கு அக்குறை இல்லை, ஆயினும் அவர்கள் மூலமாக அவர்களுடைய பிள்ளைகளுக்கு இறங்கிற்று என்று டார்வினே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தாருக்கு இருந்தது இந்தக் குறைதான் என்று இக்காலத்து வைத்தியர்கள் கருதுகிறார்கள். மாறுதலைக் கண்ணால் காண முடியாது என்று எண்ணிய டார்வின், ஒரு மீன் இனம் நாற்பது வருஷத்தில் மாறுவதற்குக் காரணமான ஜீனின் வேலையைத் தாம் அறியாமலே குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

வாஷிங்டன் ஏரி மாத்திரம் ஏதோ விதிவிலக்கா என்றால், அதுவும் இல்லை. அலாஸ்காவில் லோபெர்க் ஏரி என்று ஒன்று உண்டு. தூண்டில் போடுகிறவர்களுக்கு நல்ல மீன் வளர்க்க வேண்டுமென்று, 1982-இல் அந்த ஏரியில் மருந்து கலந்து, அதிலிருந்த மும்முள் மீன்களையெல்லாம் கொன்றுவிட்டார்கள். சில வருஷங்களில் கடலிலிருந்து வேறு மும்முள் மீன்கள் தாமே வந்து குடியேறிவிட்டன. மைக்கேல் பெல் என்ற விஞ்ஞானி 1990-இல் பார்த்தபோது 100-க்கு 96 மீன்கள் கடல் வழக்கப்படி முழுக் கவசத்தோடு இருந்தன. அவர் வருஷந்தோறும் போய் எண்ணிக்கொண்டே வந்தார். 2001-இல் முழுக் கவசக்காரர்கள் 100-க்கு 11 பேரே. இது சீசாவைப் பார்த்து ஊகித்தது அல்ல. ஒரு மனிதர் தம் உத்தியோக காலத்திலேயே, பன்னிரண்டு வருஷங்களுக்குள், கூடவே இருந்து எண்ணியது. பையனுடைய முதல் கேள்விக்கு நேர் பதில் பெல்தான்.

பூகம்பமும் இதே சோதனையைச் செய்து காட்டியிருக்கிறது. 1964 மார்ச்சு 27-ஆம் தேதி அலாஸ்காவைக் குலுக்கிய பெரும் பூகம்பத்தில், மிடில்டன் தீவு ஒரே நாளில் சுமார் 11 அடி கடலிலிருந்து மேலே எழும்பிவிட்டது. கடலாக இருந்த இடம் கரையாயிற்று; அங்கே நன்னீர்க் குட்டைகள் உண்டாயின; கடல் மீன்கள் அவற்றில் குடியேறின. 50 வருஷத்துக்குள் அக்குட்டைகளில் உள்ள மும்முள் மீன்கள், ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஏரிகளில் வாழும் மீன்களைப் போன்ற உருவத்தை அடைந்துவிட்டன என்று 2015-இல் அறிவித்தார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டால் ஒரு தைரியம் பிறக்கிறது. நாம் நீரைக் கெடுத்தாலும், காற்றைச் சூடாக்கினாலும், மீன்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும் அல்லவா? என் வகுப்பிலும் சில பிள்ளைகள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அந்தத் தைரியத்துக்கு இடம் கொடாத இரண்டு செய்திகளும் இதே மீனிடமிருந்தே கிடைத்திருக்கின்றன.

கானடாவில் வான்கூவர் நகரத்துச் சர்வகலாசாலையில், கடல் மும்முள் மீன்களைக் குளங்களில் விட்டு வளர்த்தார்கள். கடலை விடக் குளம் மாரிக்காலத்தில் அதிகமாகக் குளிர்ந்துவிடும். மூன்றே தலைமுறைகளில் அம்மீன்களின் சந்ததி, தம் மூதாதையரை விட 2½ டிகிரி ஸென்டிகிரேட் அதிகமான குளிரைத் தாங்கும் சக்தியைப் பெற்றுவிட்டது. எவ்வளவு வேகம் பாருங்கள்! அடுத்து வந்த மாரிக்காலம் பல வருஷங்களில் காணாத கடுங்குளிராக இருந்தது. குளத்து மீன்கள் அத்தனையும் மாண்டுபோயின.

மற்றொரு செய்தி வான்கூவர் தீவில் உள்ள ஏனோஸ் ஏரியைப் பற்றியது. மிகச் சில ஏரிகளில் மும்முள் மீன் ஒரே இனமாக நில்லாமல், இரண்டு இனங்களாகவே பிரிந்திருந்தது. ஒன்று தடித்த உடலும் அகன்ற வாயும் கொண்டு, ஏரியின் அடியில் புழு பூச்சிகளைத் தின்று, செடிகளின் நடுவே கூடு கட்டுவது. மற்றொன்று மெல்லிய உடலோடு நடு நீரில் நீந்தி நுண்ணுயிர்களைத் தின்று, திறந்த வெளியில் கூடு கட்டுவது. ஒன்றையொன்று பார்த்தாலும் பெரும்பாலும் கலப்பதில்லை. ஏனோஸ் ஏரி அப்படிப்பட்ட இரண்டு இனங்களின் வீடாக இருந்தது. மக்பெயில் என்ற கானடிய விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்து 1984-இல் விவரித்திருக்கிறார். பனி உருகிய நாள் தொட்டு, இரண்டாகப் பிரிந்து நிற்க அவற்றுக்கு அவ்வளவு காலம் கிடைத்திருந்தது.

1990-களின் தொடக்கத்தில், நண்டுக்கும் இறாலுக்கும் உறவான ஒருவகை நன்னீர் இறால் அந்த ஏரியில் காணப்பட்டது. அந்த ஏரிக்கு உரியதல்லாத பிராணி. அது பெருகிற்று, அடியில் இருந்த செடிகள் அழிந்தன, நீர் கலங்கிற்று. கூடு கட்டும் இடங்களின் வேற்றுமை போயிற்று. இரண்டு இனங்களும் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கலப்பு மீன்களே நிறைந்துவிட்டன. பக்கத்தில் லாஸ்கெட்டி தீவில் ஹாட்லி ஏரி என்ற மற்றோர் ஏரியிலும் இப்படி ஓர் இரட்டை இருந்தது. யாரோ கெளிற்று இனத்து மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கூட்டில் இருந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தது. ஹாட்லி ஏரியில் அந்த இரண்டு இனங்களில் ஒன்றும் இன்று இல்லை.

ஏனோஸ் ஏரியில் மும்முள் மீன்கள் இன்னும் இருக்கின்றன. வலை போட்டால் ஏராளமாக அகப்படும். அகப்படுவது தடித்ததும் அல்ல, மெலிந்ததும் அல்ல. இரண்டுக்கும் நடுத்தரமான ஒரே மீன். பழைய இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் கண்காட்சிச் சாலைக்குப் போய்ச் சீசாக்களில்தான் பார்க்க வேண்டும்.